அல்பேட்டின் ஸ்பெயின் பட்டியல்

கார்த்திகை மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலேகாலுக்கு, அல்பேட் டென்மார்க்கைக் கைவிட்டார். டென்மார்க்குக்கு அது தெரியாது.

நடந்தது இதுதான். வைலே நகரத்தின் மேட்டுப்பக்கத்தில், மாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடியில் அல்பேட்டும் மனைவி யசிந்தாவும் இருபத்தாறு வருடமாக இருக்கிறார்கள். அன்று குப்பை கொட்ட இறங்கினவர் அல்பேட். டென்மார்க்கில் குப்பை கொட்டுவது என்றால் ஒரு பையைத் தூக்கி எறிகிற காரியம் அல்ல. கடதாசிக்கு ஒரு பெட்டி, கண்ணாடிக்கு ஒரு பெட்டி, தகரத்துக்கு ஒன்று, பிளாஸ்ரிக்குக்கு ஒன்று, சாப்பாட்டு மிச்சத்துக்கு ஒன்று என்று பத்து வகை. எதை எதற்குள் போடுவது என்று தெரியாமல் மழையில் நிற்கிற மனிசனை எந்தப் பெட்டிக்குள் போடுவது என்பதை மட்டும் அரசாங்கம் இன்னும் தீர்மானிக்கவில்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கே இருட்டு. நிலமெல்லாம் ஊறின இலை. அல்பேட் ஐந்து பையோடு ஒரு காலை வைத்தார். மற்றக் காலை வைக்கிறதுக்கு முன்னம் அவர் நிலத்தில் இருந்தார். மடியில் முந்தாநாள் பருப்பு. நாயோடு போன ஒரு கிழவி நின்று, "ஹௌ!" என்றாள். மற்றவர் விழும்போது டெனிஷ்காரர் காட்டுகிற முழு அனுதாபமும் அந்த ஒரு சத்தத்துக்குள் அடக்கம். பிறகு நாய் இழுத்த பக்கம் போய்விட்டாள்.

அல்பேட் உடனே எழும்பவில்லை. இடுப்போடு சேர்த்து நாரியைப் பிடித்துக்கொண்டு, இருந்த இடத்தில் இருந்தபடியே முடிவெடுத்தார். ஸ்பெயின். தென்கரை. மலாகாப் பக்கம். வருடத்தில் முந்நூறு நாள் வெயில் எரிக்கிற கடற்கரை. அரைவாசி டென்மார்க் கிழடுகள் அங்கேதான் போய் இருக்கிறார்களாம். டெனிஷ் பேக்கரி இருக்கிறதாம், டெனிஷ் வைத்தியர் இருக்கிறாராம். ஒரு டெனிஷ்காரன் வெயில் காயலாம் என்றால், மன்னாரில் வெயிலுக்குள்ளேயே பிறந்தவன் காய்ந்தால் என்ன?

அவருக்கு வயது அறுபத்தேழு. முப்பத்தொரு வருடம் ஒரு யன்னல் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஊரெல்லாம் வெளியே பார்ப்பதற்கு யன்னல் செய்து கொடுத்தாரே தவிர, தான் வெளியே பார்த்துச் சந்தோசப்பட்டதாக ஞாபகம் இல்லை. புரட்டாதியில் ஓய்வு பெற்றார். வேலைக்குப் போன காலத்தில் கிழமையில் இரண்டு நாளாவது ஓய்வு இருந்தது. இப்போது ஓய்விலிருந்து ஓய்வே இல்லை.

யசிந்தாவுக்கு அறுபது. முதியோர் இல்லத்தில் வேலை. அவளிடம் நேரே போய் "ஸ்பெயினுக்குப் போவம்" என்றால் "மாட்டன்" என்பாள். முப்பத்தைந்து வருட அனுபவத்தில் இது அல்பேட்டுக்கு மனப்பாடம். ஆகவே அவர் சனநாயகத்தைக் கையில் எடுத்தார். ஒரு கடதாசியில் நடுவே கோடு கிழித்தார். இடது பக்கம் 'நன்மை', வலது பக்கம் 'தீமை'. நன்மைப் பக்கத்தில் ஆறு எழுதினார்: வெயில். வழுக்கி விழத் தேவையில்லை. முழங்கால் நோ குறையும். அண்டண்டு பிடிச்ச உடன் மீன் கிடைக்கும். வயிறு வத்தும். பொழுது போகும். தீமைப் பக்கத்தை வெறுமையாக விட்டால் சந்தேகம் வருமே என்று ஒன்று எழுதினார்: 'தோடம்பழம் அளவுக்கு மிஞ்சிக் கிடைக்கும்.'

ஐந்தரைக்கு யசிந்தா வந்தாள். மழைச்சட்டையைக் கழற்றி முடிக்கவில்லை, கடதாசி நீட்டப்பட்டது.

"இஞ்சாரும், இதை ஒருக்காப் பாரும்."

"பொறுங்கோ, சப்பாத்தைக் கழட்டுறன். என்ன இது? ஸ்பெயினோ? ஆர் போறது?"

"நாங்கள்தான்."

"எத்தினை நாளுக்கு?"

"நிரந்தரமா."

யசிந்தா பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தாள். சத்தம் போடவில்லை. முப்பத்தைந்து வருடத்தில் அவள் சத்தம் போடாத சந்தர்ப்பங்கள் மூன்று. மூன்றிலும் அல்பேட் தோற்றிருந்தார். ஆனால் அந்த நேரம் அவர் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

"தீமைப் பக்கத்திலை தோடம்பழம் மட்டும்தான் கிடக்கு."

"எனக்கு வேறை ஒண்டும் தெரியேல்லை. உமக்குத் தெரிஞ்சா எழுதும். நான் சனநாயகவாதி."

"எழுதினா?"

"ஒவ்வொண்டையும் நான் இல்லாமல் பண்ணிக் காட்டுறன். இல்லாமல் போனதை நீர் வெட்டவேணும். எல்லாம் வெட்டுப்பட்டா ரிக்கெற் எடுப்பம்."

"வெட்டினதை நான் பிறகு திருப்பி எழுதினா?"

அல்பேட் இதை எதிர்பார்த்திருந்தார். "அது ஏலாது! வெட்டினது வெட்டினதுதான்."

"அப்ப நீங்களும் செய்யத் தொடங்கினதை இடையிலை விடேலாது."

"நான் ஏன் விடுறன்? நான் என்ன சின்னப்பிள்ளையே?"

"சத்தியமா?"

"அந்தோனியார் மேலை சத்தியமா."

யசிந்தா பேனையை எடுத்தாள். முதியோர் இல்லத்தில் எந்தக் கிழவருக்கு எத்தனை மணிக்கு எந்த மருந்து என்று எழுதுகிற அதே ஆறுதலான கையெழுத்தில் ஐந்து எழுதினாள்.

ஒன்று: ஆர் சமைக்கிறது? நாப்பது பாகை வெக்கையிலை நான் குசினியிலை நிக்க மாட்டன்.

இரண்டு: கடற்கரை வீடெண்டா நாள் முழுக்க மணல். ஆர் கூட்டித் துடைக்கிறது?

மூன்று: பாஷை தெரியாது.

நாலு: பேத்தி அன்னாக்குட்டி எங்களை மறந்துபோவாள்.

ஐந்து: இவருக்குத் தனிய இருக்கத் தெரியாது.

"இவர் எண்டா ஆர்?"

"நீங்கள்தான்."

"நானோ?"

"இண்டைக்கு வேலைக்கு எனக்கு எத்தினை தரம் ஃபோன் எடுத்தனீங்கள்?"

"ரெண்டு."

"பதினொண்டு. ஒருக்கா உப்பு எங்கை எண்டு. உப்பு மேசையிலை இருந்தது."

அல்பேட் தீமைகளை எண்ணினார். ஐந்தே ஐந்து. தைப்பொங்கலுக்கு முன்னம் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

மறுநாள் கீழ்வீட்டுச் சிவானந்தனிடம் போனார். சிவானந்தன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒருமுறை ஸ்பெயினில் இரண்டு கிழமை நின்றவர். அதனால் அந்த நாட்டு விவகாரங்களில் வைலே முழுக்க அவர்தான் நிபுணர்.

"அண்ணை, நான் போனது மாரியிலை. வீட்டுக்குள்ளை ஹீற்றர் இல்லை. நிலமெல்லாம் மாபிள். வெளியிலை போனா வெயில் காயலாம், உள்ளை வந்தா குளிர்தான் காயவேணும். நான் சப்பாத்தோடை படுத்தனான்."

"உமக்கு அந்தக் கிழமை சரியில்லை."

"கோடையிலை நாப்பது. சொன்னாக் கேளுங்கோ, ஸ்பெயினிலை முக்கால்வாசி 'பெயின்'தான்."

"மிச்சக் கால்வாசி?"

"முன்னுக்கு நிக்கிற 'ஸ்'. அது சூடு சுட்டா வாயிலை வாற சத்தம்."

அல்பேட் சிரிக்கவில்லை. ஒரு கொள்கையோடு வாழ்கிறவனுக்குப் பகிடி பிடிக்காது.

சமையல் அன்றைக்கே தொடங்கியது. முதல் நாள் பருப்பு அடிப்பிடித்தது. இரண்டாம் நாள் பருப்புத் தப்பியது, சட்டி தப்பவில்லை. மூன்றாம் நாள் கத்தரிக்காய் பொரிக்கப் போய்ப் புகை எச்சரிக்கை மணி அடித்து, மேல்வீட்டு டெனிஷ்காரன் போர்வையைச் சுற்றிக்கொண்டு படியால் இறங்கி ஓடினான். யசிந்தா ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து, கை கழுவி, இருந்து, சாப்பிட்டாள். குறை சொல்லவில்லை. குறிப்புச் சொன்னாள்.

"புளி கூட. நாளைக்குக் குறையுங்கோ."

"நாளைக்குமோ? இண்டைக்குச் சமைச்சுக் காட்டிப்போட்டனே. வெட்டும்."

"ஒரு நாள் சமைக்கிறது சமையலே? அங்கை போனா ஒவ்வொரு நாளும் எல்லோ சாப்பிடவேணும்."

இதில் பிழை பிடிக்க முடியவில்லை. ஸ்பெயினிலும் ஒவ்வொரு நாளும் பசிக்கும் என்பதை அல்பேட் ஒத்துக்கொண்டார்.

வேலைக்கு ஃபோன் எடுத்து "சரக்குத்தூள் எத்தினை கரண்டி" என்று கேட்கவும் வழியில்லை. எடுத்தால் ஐந்தாம் தீமை அப்படியே நிற்கும். மகள் ஜெனுஷாவுக்கு எடுத்தார். அவள் கணினியில் பார்த்துச் சொன்னாள். மூன்றாம் கிழமை மீன் குழம்பு ஒன்று சரிவந்தது. எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. யசிந்தா இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டாள். அல்பேட் அதைப் பார்க்காத மாதிரி யன்னலைப் பார்த்தார். ஆனால் அன்று படுக்கும்வரை விசிலடித்துக்கொண்டு திரிந்தார். நத்தார்ப் பண்டிகைக்கு மூன்று நாள் முன்னம், முதலாம் தீமை வெட்டப்பட்டது.

இரண்டாம் தீமைக்கு மணல் தேவை. வைலேயில் மணலுக்கு எங்கே போவது? அதற்கு நகரசபை உதவியது. பனி விழுந்ததும் தெருவெல்லாம் உப்பும் பொடிக்கல்லும் கொட்டினார்கள். ஒவ்வொரு சப்பாத்தும் ஒரு கைப்பிடிக் கல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தது.

"இதுதான் உங்கடை கடற்கரை," என்றாள் யசிந்தா. "இதைச் சமாளிச்சா அதையும் சமாளிப்பியள்."

காலையில் ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா, அல்பேட் கூட்டித் துடைத்தார். அடுப்பு, குளியலறை, அலுமாரிக்குப் பின்பக்கம் எல்லாம் துடைத்தார். அலுமாரிக்குப் பின்னால் இருந்த சிலந்திகள் பரம்பரையாக அங்கே குடியிருந்தவை. அவை ஆச்சரியப்பட்டிருக்கும். மனிசன் கேட்டது கரை. கிடைத்தது கறை. ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், ஆனால் நாரிக்கு அது தெரிந்தது.

பாஷையைக் கைப்பேசி சொல்லிக்கொடுத்தது. வெங்காயம் வெட்டிக்கொண்டே அல்பேட் உரத்துச் சொல்லிப் பழகினார்.

"போக்கோ அ போக்கோ. போக்கோ அ போக்கோ."

யசிந்தா எட்டிப் பார்த்தாள். "ஆரைப் போங்கோ போங்கோ எண்டு கலைக்கிறியள்?"

"அது ஸ்பானிஷ். மெல்ல மெல்ல எண்டு அர்த்தம்."

"அப்ப மெல்ல மெல்லக் கடைக்குப் போங்கோ. வெங்காயம் முடியப்போகுது. காரை நான் கொண்டுபோறன், நீங்கள் சைக்கிளிலை போங்கோ. அங்கை போனா கார் இராது."

டென்மார்க் முழுக்கத் தட்டையான நாடு என்று சொல்லுவார்கள். அப்படிச் சொல்லுகிறவர்கள் வைலேக்கு வந்ததில்லை. கடைக்குப் போகும்போது இறக்கம், வெங்காயத்தோடு வரும்போது ஏற்றம். முதல் மாதம் சைக்கிளை அல்பேட் தள்ளினார். இரண்டாம் மாதம் பாதித் தூரம் ஏறி ஓடினார். துறைமுகத்தில் சனிக்கிழமைகளில் வள்ளத்திலிருந்தே மீன் விற்கிற ஒரு தாடிக்காரன் இருப்பதையும் அந்த ஓட்டத்தில்தான் கண்டுபிடித்தார். இருபத்தாறு வருடமாக அவன் அங்கேதான் நின்றானாம்.

அன்னா, ஜெனுஷாவின் மகள். நாலு வயது. கோல்டிங்கில் இருக்கிறாள், ரயிலில் அரை மணித்தியாலம். அவள் மறக்காமல் இருப்பதற்கு அல்பேட் தானே ஒரு வழி கண்டுபிடித்தார்: இப்போதே நன்றாகப் பழகிவிட்டால் அங்கே போனாலும் மறக்கமாட்டாள். புதனும் வெள்ளியும் தான் போய்ப் பாலர் பாடசாலையிலிருந்து கூட்டிக்கொண்டு வருவேன் என்று மகளுக்குச் சொன்னார்.

"மெய்யாவோ அப்பா? சரியான நல்லது அப்பா! எனக்குப் பெரிய உதவி அப்பா!"

ஜெனுஷாவுக்குக் கோபம் வந்தால் டெனிஷ் வரும். அன்றைக்கு முழுக்கத் தமிழில் கதைத்தாள். அதையாவது அவர் யோசித்திருக்கலாம்.

அன்னா அவரை 'மொர்ஃபார்' என்பாள். அம்மாவின் அப்பாவுக்கு டெனிஷில் அதுதான் பெயர். பாடசாலைப் படலை வாசலில் அவரைக் கண்டதும், கையில் இருக்கிற மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவருவாள். ரயிலில் அவருக்குப் பக்கத்தில் ஏறியிருந்து, அன்று ஆர் ஆரைக் கடித்தது என்று விபரமாகச் சொல்லுவாள். தை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, அடுத்த நாள் புதன் என்று நினைத்தவுடன் தனக்கு ஏன் சந்தோசம் வருகிறது என்று அல்பேட் யோசித்தார். ஸ்பெயின் நெருங்குகிறபடியால் என்று முடிவு செய்தார்.

மாசியில் ஒருநாள் சிவானந்தன் படியில் மறித்தார். அல்பேட் கையில் கூட்டுகிற தும்புத்தடி.

"அண்ணை, ஒண்டு கேப்பன். கோவிக்கக்கூடாது."

"கேளும்."

"சமையல் நீங்கள். கூட்டித் துடைக்கிறது நீங்கள். கடைக்கு நீங்கள். பேத்தி நீங்கள். அப்ப அக்கா என்ன செய்யிறா?"

அல்பேட் யோசித்தார். நேர்மையான மனிசன். யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"அவ தீமையை வெட்டுறா."

"எனக்கு உதிலை என்னவோ இருக்கெண்டு படுது."

"உமக்கு ஸ்பெயினிலை குளிர் பிடிச்சதிலை இருந்து எல்லாத்திலையும் என்னவோ இருக்கெண்டுதான் படுது."

யசிந்தா இப்போதெல்லாம் ஐந்தரைக்கு வராமல் ஆறரைக்கு வருவதை அவர் கவனித்திருந்தார். சோறு ஆறிவிடக்கூடாதே என்று சமையலை ஒரு மணித்தியாலம் தள்ளிவைத்தார். அவள் புதிதாக ஒரு கறுப்புக் கோட் போடுவதையும் கவனித்தார். அதற்கு இஸ்திரி போட்டவரே அவர்தான். கவனித்ததையெல்லாம் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்க மட்டும் நேரம் கிடைக்கவில்லை. நிறைய வேலை.

பங்குனி பிறந்தபோது நாலு தீமை வெட்டுப்பட்டிருந்தது. மிச்சம் ஐந்தாவது. 'இவருக்குத் தனிய இருக்கத் தெரியாது.'

"அதுக்குக் கடைசிச் சோதினை ஒண்டு இருக்கு," என்றாள் யசிந்தா. "வாற வெள்ளி எங்கடை வேலையிடத்திலை சின்ன ஒண்டுகூடல். எண்பது கட்லட் வேணும். தனியச் செய்யவேணும். எனக்கு ஒரு ஃபோனும் எடுக்கக்கூடாது. மூண்டு மணிக்குக் கொண்டுவந்து தந்தா அங்கையே வெட்டுறன்."

"பேனை கொண்டுவாரும்," என்றார் அல்பேட்.

வியாழன் மீன் அவித்து முள்ளெடுத்தார். வெள்ளி விடிய எழும்பி உருட்டினார். எண்பத்துநாலு வந்தது. நாலு, சரிபார்ப்பதற்காக அவரே சாப்பிட்டார். ஒரு ஃபோன் இல்லை. ஒரு கேள்வி இல்லை. வெள்ளைச் சேட்டைப் போட்டு, பட்டியலை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்து, தட்டைத் தூக்கிக்கொண்டு மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்க முதியோர் இல்லத்து வாசலில் நின்றார்.

உள்ளே மேசையில் சின்னச் சின்ன டெனிஷ் கொடிகள். கொடி வைத்தால் ஆருக்கோ பிறந்தநாள் அல்லது ஆருக்கோ பெருமை. பிடித்துக்கொண்டு நடக்கும் வண்டிகளோடு பத்துப் பதினைந்து கிழவர் கிழவியர், வேலைசெய்கிற பெண்கள், மூலையில் ஜெனுஷாவும் அன்னாவும். அவர்கள் ஏன் வந்தார்கள் என்று கேட்கிறதுக்கிடையில், இல்லத்தின் பொறுப்பாளர் கீர்ஸ்டன் கண்ணாடிக் கிளாசைக் கரண்டியால் தட்டினாள்.

டெனிஷ்காரர் பேச்சென்றால் முதலில் காலநிலை, பிறகு ஒரு பகிடி, அதற்குப் பிறகுதான் விசயம். கீர்ஸ்டனும் அதே ஒழுங்கில் வந்தாள். அவள் டெனிஷில் சொன்ன விசயம், எங்கள் தமிழில் இதுதான்.

"கார்த்திகையிலை நான் யசிந்தாவைக் கூப்பிட்டு, இந்தப் பிரிவுக்குத் தலைவியா வாறியா எண்டு கேட்டன். வீட்டையும் பாக்கவேணும், மனிசன் ஓய்விலை இருக்கிறார், ஒரு கிழமை தா எண்டு சொன்னா. ஒரு கிழமையால வந்து, 'என்ரை மனிசன் வீட்டை முழுக்கப் பொறுப்பெடுக்கிறார், சத்தியம் பண்ணியிருக்கிறார்' எண்டு சொன்னா. மார்கழியிலை இருந்து அவ தலைவியாப் பழகினா. இண்டையிலை இருந்து அது நிரந்தரம். நான் முப்பது வருசமா இந்த வேலையிலை இருக்கிறன். இப்பிடி ஒரு நவீன ஆம்பிளையை நான் காணேல்லை. அல்பேட், எங்கை நிக்கிறீங்கள்?"

அல்பேட் கட்லட் தட்டோடு நின்றார். ஒளிப்பதற்கு இடமில்லை.

கைதட்டினார்கள். கொடி ஆட்டினார்கள். டெனிஷ் முறைப்படி மூன்று தரம் "ஹுரா!" போட்டார்கள். நடக்கும் வண்டிக் கிழவர் ஒருவர் பக்கத்தில் வந்து, கைதட்டுகிற நேரத்தில் இரண்டு கட்லட் எடுத்தார். அல்பேட்டுக்கு உள்ளே கோபம் கொதித்தது. ஆனால் ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் எழும்பிநின்று கைதட்டும்போது முகம் தன்பாட்டில் சிரித்துவிடுகிறது. ஜெனுஷா அதைப் படமும் எடுத்துவிட்டாள்.

யசிந்தா பேனையோடு வந்தாள். சொன்ன சொல் தவறாதவள். பொக்கற்றிலிருந்து பட்டியலை அவளே எடுத்து, ஐந்தாம் தீமையை வெட்டி, திருப்பி வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அல்பேட் கதிரையில் இருக்கவில்லை.

"நீர் என்னை ஏமாத்திப்போட்டீர்!"

"என்ன பொய் சொன்னனான்? ஒண்டு சொல்லுங்கோ பாப்பம்."

அல்பேட் தேடினார்.

"பொய் சொல்லேல்லை. ஆனால் சொல்லேல்லை!"

"சொல்லியிருந்தா ஓமெண்டு சொல்லியிருப்பியளோ? முப்பது வருசம் மற்றச் சனத்தைக் குளிப்பாட்டி, உடுப்பு மாத்தி, வாயிலை ஊட்டிவிட்டனான். முதல் தரம் என்னைக் கூப்பிட்டு, வந்து இந்தக் கதிரையிலை இரு எண்டு கேட்டவை. அதை விட்டிட்டு ஸ்பெயினிலை போய்க் கடலைப் பாத்துக்கொண்டு இருக்கச் சொல்லுறியளே?"

அவள் குரல் உயரவில்லை. கண் மட்டும் கொஞ்சம் மினுங்கியது. அல்பேட் அதைக் கண்டுவிட்டார். கண்டிருக்காவிட்டால் இன்னும் இரண்டு வசனம் கோபமாகச் சொல்லியிருப்பார். பதிலாகப் பட்டியலை எடுத்து மேசையில் விரித்தார். கடைசி ஆயுதம்.

"அதெல்லாம் சரி. தீமைப் பக்கம் முழுக்க வெட்டுப்பட்டுப்போச்சு. தோடம்பழம் ஒரு தீமையே இல்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம். ரிக்கெற் எடுக்கவேணும்."

"ஓம், எடுக்கத்தான் வேணும்," என்றாள் யசிந்தா. "நன்மை இருந்தா."

"என்ன?"

அவள் இடது பக்கத்துக்குப் பேனையைக் கொண்டுபோனாள்.

"வழுக்கி விழத் தேவையில்லை எண்டு எழுதியிருக்கிறியள். இந்த மாரி முழுக்கச் சைக்கிள் ஓடினியள். எத்தினை தரம் விழுந்தனீங்கள்?"

"விழேல்லை."

வெட்டினாள். "முழங்கால் நோ?"

அல்பேட் குனிந்து முழங்காலைப் பார்த்தார். மாசிக்குப் பிறகு அதைப் பற்றி நினைத்ததாகவே ஞாபகம் இல்லை. அதையும் வெட்டினாள்.

"உடன் மீன். தாடிக்காரன்." வெட்டினாள். "வயிறு வத்தும். பெல்ற்றுக்குப் புதுசா ரெண்டு ஓட்டை போட்டுக் கட்டுறியள்." வெட்டினாள். "பொழுது போகும்."

"பொழுதோ? எனக்கு மூச்சுவிட நேரமில்லை!"

"அதைத்தான் சொல்லுறன்." வெட்டினாள். "அன்னாக்குட்டியையும் இப்ப கேட்டுப் பாருங்கோ. புதன்கிழமை மொர்ஃபார் வரமாட்டார் எண்டு நீங்களே போய்ச் சொல்லுங்கோ."

அதை அல்பேட் சொல்லமாட்டார். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

தீமைப் பக்கம் வெட்டு. நன்மைப் பக்கமும் வெட்டு. முதலாவதாக எழுதிய ஒரே ஒரு சொல் மட்டும் தப்பி நின்றது. அல்பேட் அதன்மேல் விரலை வைத்தார்.

"வெயில்! இதை வெட்டேலாது. வெயில் இஞ்சை இல்லை."

யசிந்தா நியாயமாக யோசித்தாள். "ஓம். அதை வெட்டேலாது. அது என்னெண்டு பாக்கத்தான் வேணும்."

"பாத்தீரே!"

"பாஸ்குப் பெருநாள் முடிய ஒரு கிழமை லீவு தந்திருக்கினம். எங்கடை பிரிவுப் பெட்டையள் எட்டுப் பேர் மலாகாவுக்குப் போகினமாம். தலைவி வராமல் எப்பிடியெண்டு நிக்கினம். நான் போய் அந்த வெயிலைப் பாத்திட்டு வந்து சொல்லுறன்."

"அப்ப நான்?"

"புதனும் வெள்ளியும் அன்னா இருக்கிறாளெல்லோ."

பாஸ்கு முடிந்து வந்த திங்கட்கிழமை அல்பேட் அவளைப் பில்லுண்ட் விமான நிலையத்துக்குக் காரில் கொண்டுபோய் இறக்கினார். பெட்டியை உருட்டிக்கொண்டு போய் வைத்தார். எட்டுப் பெண்களும் அவரைக் கட்டிப்பிடித்து, நவீன ஆம்பிளை என்று முதுகில் தட்டினார்கள். திரும்பி வருகிற வழியெல்லாம் மழை. வீட்டுக்கு வந்து கூட்டித் துடைத்தார். ஆரும் கேட்கவில்லை. பழக்கம்.

வியாழக்கிழமை மத்தியானம் ஃபோன் வந்தது. பின்னால் அலைச்சத்தமும் பெண்கள் சிரிக்கிற சத்தமும்.

"என்ன செய்யிறியள்?"

"யன்னல் துடைக்கிறன். அங்கை எப்பிடி?"

"நல்ல வெயில் எறிப்பு. முகமெல்லாம் கறுத்துப்போனன். நீங்கள் எழுதினது முழுக்க உண்மையப்பா."

அல்பேட்டின் கை யன்னலில் நின்றது. "அப்ப வெட்டேல்லை?"

"வெட்டேல்லை. இனி வருசா வருசம் வாறதெண்டு முடிவெடுத்திட்டம்."

"நாங்களோ?"

"பெட்டையள்."

யன்னலுக்கு வெளியே மழை சாய்ந்து பெய்தது.

"இஞ்சை சாப்பாடுதான் வாயிலை வைக்கேலாமல் கிடக்கு. உங்கடை மீன் குழம்பைப் பற்றிச் சொல்லிச் சொல்லி இவையளுக்கும் வாய் ஊறுது. ஞாயிறு பின்னேரம் பிளேனாலை இறங்கி நேரே எங்கடை வீட்டைதான் எல்லாரும் வருவினம். எட்டுப் பேரும். கேக்குதே?"

கேட்டது. நியாயமாகப் பார்த்தால், ஒரு குடும்பத் தலைவன் இந்த இடத்தில் சொல்லவேண்டிய வசனங்கள் நாலைந்து உண்டு. அல்பேட் அவை எல்லாவற்றையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். உரத்துச் சொல்வதற்கு அவற்றில் ஒன்றும் சரிவரவில்லை. துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்:

"உறைப்பு எவ்வளவு போட?"